மணி அடித்ததற்கும் டீச்சர் வருவதற்கும் நடுவில்

"எங்க ஸ்கூல்ல சீண்டலெல்லாம் கெடையாது சார்" என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் பார்வை படும் இடத்தில் உண்மையிலேயே ஒன்றும் நடப்பதில்லை. சீண்டல் நடப்பது குடிநீர்க் குழாயடியில், கழிப்பறை வாசலில், சைக்கிள் ஸ்டாண்டில், மாடிப்படி திரும்பும் இடத்தில், சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில். நேரம் என்று பார்த்தால் ஒரு பீரியட் மணி அடித்ததற்கும் அடுத்த டீச்சர் உள்ளே வருவதற்கும் இடையிலுள்ள ஐந்து நிமிடம்தான் மோசமானது. இந்த இடங்களையும் நேரங்களையும் அப்படியே விட்டுவிட்டு பிரேயரில் உறுதிமொழி வாசிக்க வைப்பதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உறுதிமொழியைச் சத்தமாக வாசிக்கிறவன்தான் பல நேரம் குழாயடியில் முதல் ஆள்.

முதலில் எது சீண்டல், எது வெறும் சண்டை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நார்வேயில் 1980களில் பள்ளி அளவிலான முதல் பெரிய தடுப்புத் திட்டத்தை வடிவமைத்த டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவனுக்கும் படுகிறவனுக்கும் பலம் சமமாக இல்லாதது. கபடியில் கால் வாரியதற்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. ஒரே பையனின் சாப்பாட்டுத் தூக்கு தினமும் காணாமல் போய் தினமும் குப்பைத்தொட்டியில் கிடைத்தால் அது சீண்டல். சண்டைக்கு சமாதானம் செல்லும். சீண்டலுக்குச் செல்லாது. "ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்கலே" என்று ஸ்டாஃப் ரூமில் வைத்து முடித்துவிடும்போது, அடிபட்டவனும் அடித்தவனும் சமம் என்று பள்ளியே முத்திரை குத்திவிடுகிறது. வெளியே போனதும் அதற்கும் சேர்த்து வாங்குவான்.

பலம் என்பதை உடம்பு அளவில் மட்டும் பார்த்தால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒன்றும் விளங்காது. அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி, களக்காடு பக்கத்துப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன் ஒன்பதாம் வகுப்புப் பையனை மிரட்டுவான். ஏனென்றால் அவன் அண்ணன் பிளஸ் டூவில் இருப்பான், பஸ்ஸில் அவன் தெருக்காரர்கள் எட்டுப் பேர் வருவார்கள். ஒருவனுடைய பலம் அவன் பின்னால் இருக்கிற ஆள் கணக்கு. அந்த ஆள் கணக்கு பெரும்பாலும் சாதிக் கணக்கு. "ஆளு சின்னப் பையன்தானே, அவனா மிரட்டுவான்?" என்று கேட்கிற ஆசிரியர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று அர்த்தம்.

எங்கே, எப்போது நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கலாம். ஒரு பீரியட் போதும். பள்ளியின் வரைபடத்தைக் கையாலேயே வரைந்து அரைத்தாளில் நகல் எடுங்கள்: வகுப்பறைகள், குழாயடி, கழிப்பறை, சத்துணவுக் கூடம், மைதானம், கேட், பஸ் ஸ்டாப். மறுபக்கம் ஐந்து கேள்விகள். கடந்த 30 நாளில் உன்னை யாராவது அடித்தோ, பட்டப்பேர் சொல்லியோ, ஒதுக்கி வைத்தோ, பொருளைப் பறித்தோ தொந்தரவு செய்தார்களா? எத்தனை தடவை: ஒருமுறையும் இல்லை, ஓரிரு முறை, மாதத்தில் இரண்டு மூன்று முறை, வாரம் ஒருமுறை, அதற்கு மேல். வேறு யாருக்காவது நடந்ததைப் பார்த்தாயா? யாரிடமாவது சொன்னாயா, சொன்ன பிறகு நின்றதா? எந்த இடத்துக்குத் தனியாகப் போகப் பயம்? கடைசிக் கேள்விக்கு வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டால் போதும்.

இதில் தவறுகிற இடங்கள் எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். பதிலை எழுதச் சொன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். எல்லாம் டிக் மட்டுமே இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. வகுப்பாசிரியர் தன் வகுப்பில் நடத்தக் கூடாது, மாற்றிக்கொள்ளுங்கள். தாளை லீடர் வாங்கக் கூடாது. அவரவரே நான்காக மடித்து அட்டைப்பெட்டியில் போட வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருப்பார்கள், அங்கே டீச்சர் கேள்வியை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கட்டும். "நீ யாரையாவது சீண்டுகிறாயா?" என்று கேட்டு வீணாக்க வேண்டாம், ஒருத்தரும் ஆமாம் போடமாட்டார்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்று குறித்தவர்களைத் தொடர் சீண்டலுக்கு ஆளானவர்களாக எடுத்துக்கொள்வது ஓல்வேயஸின் கேள்வித்தாளிலிருந்து வந்த வழக்கம். அந்த எண்ணிக்கையை வகுப்புவாரியாக எழுதி வையுங்கள். ஒரு வாரத்துக்குள், பெயர் எதுவும் இல்லாமல், "குழாயடியிலயும் கழிப்பறைப் பக்கமும்தான் அதிகமா குறி விழுந்திருக்கு, நாளையிலிருந்து அங்க இன்னின்ன மாற்றம்" என்று பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு சும்மா இருந்தால் அடுத்த முறை யாரும் உண்மையைக் குறிக்கமாட்டார்கள்.

பெருக்கல் குறிகளை ஒரே பெரிய தாளில் சேர்த்தால் மூன்று நான்கு இடங்கள் கறுத்துத் தெரியும். கண்காணிப்புப் பணிப் பட்டியல் போட்டு ஆசிரியர்களை அங்கே நிற்க வைக்க வேண்டியதுதான். இதற்கு ஆதாரமும் உண்டு: 2011இல் மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களைத் திரட்டிப் பார்த்தபோது, இத்தகைய திட்டங்கள் சீண்டலைச் சராசரியாக 20 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்திருந்தன, விளையாட்டு இடக் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டங்களும் இருந்த திட்டங்கள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் பணி என்று பெயருக்குப் போட்டால் போதாது. இடைவேளை மணி அடிக்கும் முன் இரண்டு நிமிடம் முந்தி அங்கே போயிருக்க வேண்டும், கடைசி பிள்ளை வகுப்புக்குள் போன பிறகே கிளம்ப வேண்டும். ஒரே மரத்தடியில் நின்றால் மறுபக்கம் நடக்கும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். செல்போன் பையில். வாரம் முழுக்க ஒருவரையே போட்டால் புதன்கிழமையே சலித்துவிடும், ஒருவருக்கு வாரத்தில் இரண்டு இடைவேளைக்கு மேல் வேண்டாம். பி.டி. சார் ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிற பழக்கமும் சரியில்லை. அவர் கையில் விசில் இருப்பதால் அவருக்குப் பயப்படுகிறார்கள், மற்றவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

சில இடங்களில் ஆளைவிட ஏற்பாட்டை மாற்றினால் போதும். 500 பிள்ளைகளுக்கு நான்கு குழாய், பத்து நிமிட இடைவேளை என்றால் அங்கே தள்ளுமுள்ளு நடக்காமல் என்ன செய்யும்? ஆறு முதல் எட்டு வரை முதலில் விட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். கழிப்பறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று திங்கட்கிழமைதோறும் ஒருவர் பார்க்கட்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். சத்துணவு வரிசையில் பெரிய பையன்கள் முந்துவதைத் தடுக்க வகுப்புவாரி நேரம் போதும், அறிவுரை வேண்டாம்.

பஸ்தான் கஷ்டம். அதற்குள் ஏறியதும் பள்ளி முடிந்து ஊர் ஆரம்பிக்கிறது. பள்ளிக்கு அதிகாரம் இல்லை என்று கைகழுவ முடியாது, ஏனென்றால் பஸ்ஸில் தொடங்கியதுதான் மறுநாள் வகுப்பில் முடிகிறது. எந்த ஊர் பஸ்ஸில் எத்தனை பேர், எந்தெந்த வகுப்பு என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதே பஸ்ஸில் வரும் ஆசிரியரோ அலுவலகப் பணியாளரோ யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன்பக்கம் என்று கண்டக்டரிடம் நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். அவர்களுக்கும் பின்சீட்டுத் தகராறு தலைவலிதான். பஸ் ஸ்டாப்பில் கடைசி பஸ் கிளம்பும் வரை ஒரு ஆசிரியர் நிற்பது முதல் இரண்டு வாரம் அதிகப்படி வேலையாகத் தெரியும். மூன்றாவது வாரத்தில் ஸ்டாப் அமைதியாகிவிடும், அப்போது நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தக் கூடாது.

இனி, சாதியைக் காட்டக் கையில் கட்டும் நிறக் கயிறு. 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடியில் கையில் கட்டிய கயிறு தொடர்பாக மாணவர்களுக்குள் நடந்த தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவன் இறந்துபோனான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் பையன்கள் இரவில் வீடு புகுந்து ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்தப் பையன் சீண்டல் தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறான். பள்ளியில் விஷயத்தைச் சொன்ன பிறகே வெட்டு விழுந்தது. அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் அன்றாடம் உடனே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: அகர வரிசையில் உட்கார வைப்பது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்காமல் இருப்பது, சாதி அடையாளக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைத் தடுப்பது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமிப்பது. "எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்ற ஒரே வாக்கியம் ஒரு வருடத்துச் சீண்டலுக்கு வழி திறந்துவிடும். ஃபாரத்தை அலுவலக அறையில் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுக்க கூடுதலாக அரை மணி ஆகும், அவ்வளவுதான்.

கயிற்றை அவிழ்க்கும் விதத்தில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. கேட்டில் கத்தரிக்கோலோடு நின்று எல்லோர் முன்னாலும் வெட்டினால் சாயங்காலம் அவன் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஆள் கூட்டி வருவார்கள். பையனும் ஊரில் ஒரு தலைவன் ஆகிவிடுவான். ஜூன் மாதமே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விதியை எழுதி நிறைவேற்றி, எல்லா வீட்டுக்கும் கடிதம் கொடுத்து, ஒரு வார அவகாசம் விட்டு, பிறகு தனியறையில் அவனையே அவிழ்க்கச் சொல்லி, கவரில் போட்டு அவன் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லா நிறத்துக்கும் ஒரே விதி, ஆசிரியர் கைக்கும் சேர்த்து. சார் மணிக்கட்டில் இரட்டை நிறக் கயிறு இருந்தால் பிள்ளை எதற்கு அவிழ்ப்பான்? குலசாமிக் கோயில் கயிறு என்று வரும் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருங்கள்: பள்ளி நேரத்தில் கையில் எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளட்டும்.

கயிறு போய்விட்டால் சாதி போய்விட்டதாக நினைத்துவிட வேண்டாம். அது பனியன் நிறத்துக்கு மாறும், சைக்கிள் ஸ்டிக்கருக்கு மாறும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அரிவாள் படத்தோடு பின்னணிப் பாட்டாக மாறும். ஆகவே கலந்து உட்காருவதையும் கலந்து வேலை செய்வதையும் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அகர வரிசை நல்ல தொடக்கம், ஆனால் வருடம் முழுக்க அதே இடத்தில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு தெருவாகிவிடும். திங்கள்தோறும் வரிசையை ஒரு பெஞ்ச் நகர்த்துங்கள். 2024இல் அரசுப் பள்ளிகளில் வந்த மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் இருக்கின்றன. குலுக்கல் முறையில் பிரித்து, பிறகு ஒரே ஊர்க்காரர்கள் ஒரே குழுவில் குவிந்திருக்கிறார்களா என்று பட்டியலைப் பார்த்துச் சரிசெய்தால் அது உண்மையிலேயே பயன்படும். கபடி, வாலிபால் அணிகளை ஊர்வாரியாகப் பிரித்து மோதவிடுவது ஆபத்து. ஊர்க் கோயில் கொடை, குருபூஜை, தலைவர் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் கட்டும் நாட்களை ஸ்டாஃப் ரூம் காலண்டரில் குறித்து வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நான்கு நாட்கள் பஸ் ஸ்டாப்பில் இன்னொரு ஆளைச் சேர்ப்பது நல்லது.

கலந்து வேலை செய்ய வைப்பதற்கு ஒரு பழைய, நல்ல வழி உண்டு. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து தினமும் மோதிக்கொண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்றவன் சொல்லாமல் பாடம் முழுமையாகாது. நம்ம வகுப்பில் இப்படிச் செய்யலாம். 40 பேரை ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். ஊரும் தெருவும் மதிப்பெண்ணும் கலந்திருக்கும்படி நீங்களே பிரிக்க வேண்டும், அவர்களிடம் விட்டால் சேக்காளிகள் சேர்ந்துகொள்வார்கள். பாடம் தாமிரபரணி என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குப் பொதிகையும் பாணதீர்த்தமும், ஒருத்திக்குப் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள், மூன்றாவது ஆளுக்கு கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகள், நான்காவதற்கு கார், பிசானம் சாகுபடி, ஐந்தாவதற்கு புன்னைக்காயல் கழிமுகம். பத்து நிமிடம் அவரவர் துண்டை வாசிக்கிறார்கள். அடுத்த பத்து நிமிடம் ஒரே துண்டு கிடைத்த எட்டுப் பேர், நான்கு நான்கு பேராகக் கூடி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு 20 நிமிடம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு நான்கு நிமிடம் பாடம் எடுக்கிறார்கள். மறுநாள் ஐந்து நிமிடத் தேர்வு, எல்லாத் துண்டிலிருந்தும் கேள்வி.

முதல் இரண்டு முறை சத்தமும் குழப்பமுமாக இருக்கும். வாசிக்கத் திணறுகிற பிள்ளை நான்கு பேர் முன்னால் திக்கினால் அதுவே புதிய கேலிக்கு வழியாகும். அவனுக்கான துண்டை முதல் நாளே கொடுத்து, மதிய இடைவேளையில் ஒரு தடவை சொல்லவைத்துவிடுங்கள். ஒருத்தனே எல்லாத் துண்டையும் பேசப் பார்த்தால் அவனை நேரம் பார்க்கிற ஆளாக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை செய்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு விசேஷ நாள், அவ்வளவே. வாரம் இரண்டு பீரியட் இருந்தால்தான் "அந்தத் தெருக்காரன்" என்பது "அணைக்கட்டு சொல்லிக் குடுத்தவன்" என்று மாறும்.

வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கேயும் அவர்கள்தான் பெரும்பான்மை. ஃபின்லாந்துப் பள்ளிகளின் சீண்டல் தடுப்புத் திட்டமான கிவாவை உருவாக்கிய கிறிஸ்டினா சால்மிவல்லி காட்டியது இதைத்தான்: சீண்டுகிறவனுக்கு வேண்டியது சுற்றி நின்று சிரிக்கும் கூட்டம். கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்த ஒரு ஆய்வில், உடன் நின்ற பிள்ளைகள் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை, 57 சதவீதம், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. அதற்காக "நீங்க போய்த் தடுங்க" என்று சொல்லிவிட முடியாது. அரிவாள் பையில் வந்துவிடக்கூடிய ஊரில் எந்தப் பிள்ளையையும் குறுக்கே விழச் சொல்லக் கூடாது. மூன்று விஷயங்கள் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். முதலாவது, சிரிக்காதே, கூட்டத்தில் நிற்காதே, விலகிப் போ. இரண்டாவது, மாட்டிக்கொண்டவனை அங்கிருந்து உருவிவிடு: "ஏலே, ஒன்னிய பி.டி. சார் கூப்பிடுதாரு, சீக்கிரம் வா" என்பது போதும். பொய்தான், பரவாயில்லை, பி.டி. சாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அந்தப் பொய் உடையாது. மூன்றாவது, ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது கோள் இல்லை என்று இரண்டு நாடக உதாரணத்தோடு ஒரு பீரியட் நடத்தினால் ஆறாம் வகுப்புக்கே புரியும். மாணவர்களையே பஞ்சாயத்துப் பேச வைக்கும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். நான் மேலே சொன்ன 2011 தொகுப்பாய்விலேயே சகமாணவர்களைத் தலையிட வைத்த திட்டங்களில் பாதிக்கப்படுவது கூடியிருந்தது.

லீடர் என்ற பதவியையும் இங்கே பார்க்க வேண்டும். "நான் வர்ற வரைக்கும் பேசுறவங்க பேர போர்டுல எழுது" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் லீடர் கையில் இருப்பது அதிகாரம். பேர் எழுதாமல் இருக்க பேனா, தின்பண்டம், வீட்டுப்பாடம் கைமாறும். பிடிக்காதவன் பேர் தினமும் முதலில் வரும், பக்கத்தில் மூன்று பெருக்கல் குறியோடு. ஆசிரியர் வந்து பார்த்து அடிப்பார் அல்லது நிற்க வைப்பார். சீண்டலுக்குப் பள்ளியே சம்பளம் கொடுத்த மாதிரி. இந்த வழக்கத்தை நிறுத்த ஒரு ரூபாய் செலவில்லை. லீடர் வேண்டும் என்றால் வாரம் ஒருவர், வருகைப் பதிவு வரிசைப்படி.

ஆசிரியர் வாயிலிருந்து வரும் பட்டப்பேரும் இதே கணக்குதான். "கருவாயா", "மக்குப் பிளாஸ்திரி", "ஒங்க ஆளுகளுக்கெல்லாம் படிப்பு எதுக்குலே" என்று சார் சொன்ன அன்றைக்கே யாரைச் சீண்டினால் கேட்க ஆளில்லை என்று வகுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது என்பது பல ஸ்டாஃப் ரூம்களில் பாதிதான் நினைவிருக்கிறது.

ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டது. அந்த முதல் பத்து நிமிடம் முக்கியம். ஸ்டாஃப் ரூம் நடுவில் நிற்க வைத்துக் கேட்க வேண்டாம். கதவு திறந்த, ஆள் காதில் விழாத இடம், உட்கார நாற்காலி. "சொன்னது நல்லதாப் போச்சு மக்கா. இது ஒந்தப்பு இல்ல. என்ன நடந்துச்சுன்னு பைய சொல்லு" என்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. "நீ என்ன செஞ்ச, அவன் ஏன் ஒன்னிய மட்டும் பிடிச்சான்?" என்ற கேள்வி வந்த நிமிடமே பிள்ளை மூடிக்கொள்ளும். "யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்லுமுன்ன ஒங்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்" என்பது நாணயமான வாக்கு. அவன் சொன்ன சொற்களை அப்படியே, தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். கெட்ட வார்த்தையையும் சாதிப் பெயரையும் நாகரிகம் கருதி மாற்றி எழுதினால் பின்னால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

அடுத்து பார்த்தவர்களிடம், கடைசியில் செய்தவர்களிடம். செய்தவர்கள் நான்கு பேர் என்றால் ஒரே பீரியடுக்குள் ஒவ்வொருவராக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாதபடி. ஒன்றாக நிற்க வைத்தால் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். "ஏன் செஞ்ச" என்று கேட்டால் காரணம் ஒன்று புனைவார்கள், "நேத்து குழாயடியில நடந்தது எனக்குத் தெரியும். இனிமே அவனுக்கு என்ன செய்யலாம்னு இருக்க?" என்று கேட்டால் பெரும்பாலும் தரையைப் பார்ப்பார்கள். யார் சொன்னார்கள் என்று மட்டும் தெரியக் கூடாது. ஆசிரியர் தானே பார்த்ததாகவோ பலரும் சொன்னதாகவோ இருக்கட்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு ஒன்று கட்டாயமாகிவிட்டது: புகார் வாங்கிய அன்று அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகிறது என்று பள்ளி முடிவு செய்ய வேண்டும். எந்த பஸ், யார் கூட, வீட்டில் யார் இருக்கிறார்கள், இரவு யாரைக் கூப்பிடுவது. விசாரணையை மதியத்துக்கு முன் முடித்து, வீட்டுக்குத் தகவல் சொல்லி, பிறகே பள்ளி விட வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு விசாரித்துவிட்டு எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதைப் போல ஆபத்தானது வேறில்லை. மிரட்டலில் ஆயுதம், சாதி, வீட்டைப் பற்றிய பேச்சு வந்திருந்தால் அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் துணை வேண்டும். கிவா திட்டத்தில் செய்கிற மாதிரி, வகுப்பில் கொஞ்சம் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரைத் தனியே கூப்பிட்டு, "இவன் ஒத்தையில சாப்பிடுதான், ரெண்டு வாரத்துக்கு ஒங்க கூட ஒக்கார வச்சுக்கிடுங்க" என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மூன்று தடவை அவனிடம் விசாரியுங்கள். அதைக் காலண்டரில் குறித்து வைக்காவிட்டால் மறந்துவிடும். முதல் வாரம் நின்று மூன்றாவது வாரம் மீண்டும் தொடங்குவதுதான் வழக்கம்.

பெற்றோரைக் கூப்பிடுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். இரண்டு வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் பேச்சு பிள்ளைகளை விட்டு வரப்புத் தகராறு, கோயில் வரி என்று போய்விடும். தனித்தனி நாள், தனித்தனி நேரம். "அவன் அடிச்சா நீயும் ரெண்டு போட்டுட்டு வாலே" என்று சொல்லி அனுப்புகிற அப்பாவிடம் தர்க்கம் பண்ண வேண்டாம்: "அண்ணாச்சி, அவன் பின்னால பத்துப் பேர் இருக்கான். ஒங்க பையன் திருப்பி அடிச்சா நாளைக்கு அடி பத்து மடங்கு. எங்க பொறுப்புல விடுங்க, வெள்ளிக்கிழம என்ன ஆச்சுன்னு நானே போன் பண்ணுதேன்." சொன்ன வெள்ளிக்கிழமை போன் போக வேண்டும். செய்தவன் வீட்டாரிடம் அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படிப்பட்டவன் என்று சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே டி.சி. கொடுத்து வேறு பள்ளி பார்க்கச் சொல்கிற தீர்வு, என்னைக் கேட்டால், தீர்வே இல்லை. அடுத்த ஆள் யார் என்று தேடுவதற்கு அது மற்றவர்களுக்குக் கொடுக்கிற அனுமதி.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தால் சிலந்தி மட்டும்தான் வரும். நூலகத்திலோ தனியாகப் போய்வரக்கூடிய நடைவழியிலோ மாட்டுங்கள். வாரம் ஒரு நாள், இரண்டு பேர் முன்னிலையில் திறக்க வேண்டும், அதில் ஒருவர் பெண் ஆசிரியர். விளையாட்டாகப் போட்ட காகிதங்களும் வரும். அதற்காகக் கோபப்பட்டு விசாரித்தால் நிஜக் கடிதம் வராது.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் நடப்பதை அழித்துவிடச் சொல்வதுதான் முதல் தவறு. ஸ்கிரீன்ஷாட், தேதி, கணக்குப் பெயர் எடுத்துவைத்த பிறகு அழிக்கலாம். மார்ஃபிங் படம், மிரட்டல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930.

பள்ளிக்குள் பேசி முடிக்கக் கூடாதவை சில. பாலியல் சீண்டல் தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி புகார் கொடுப்பது கட்டாயம். மறைத்தால் 21ஆவது பிரிவில் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பிள்ளை பேரு கெட்டுரும், பேசி முடிச்சுருவோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தாலும் இதுதான் பதில். சாதிப் பெயர் சொல்லி அவமதிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரலாம், அதைத் தீர்மானிக்கும் வேலை பள்ளிக்கு இல்லை. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. இரண்டையும் தலைமையாசிரியர் அறையில் ஒட்டுவதைவிடக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் பிள்ளைகள் படிப்பார்கள்.

அரைத்தாள் கணக்கெடுப்பை ஜூலையில் ஒன்று, காலாண்டு விடுமுறை முடிந்து ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று மூன்று தடவை எடுங்கள். இரண்டாவது தடவை எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். முதல் தடவை மறைத்தவர்கள் இப்போது குறித்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் சில பள்ளிகள் மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையை நினைத்துக் கணக்கெடுப்பையே நிறுத்திவிடுகின்றன. "யாரிடமாவது சொன்னாயா" என்ற கேள்விக்கு விழுந்த டிக்கைத் தனியாக எண்ணுங்கள். அது ஏறியிருந்தால் பணிப் பட்டியலை மாற்றாமல் தொடருங்கள். அது ஏறாமல் சீண்டல் எண்ணிக்கை மட்டும் சரசரவென்று இறங்கியிருந்தால் தாளை யார் வாங்கினார்கள், எந்த வகுப்பில் யார் நின்றார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.